குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டைப் படிக்கும் முன்: வயது என்ன, ஜுரம் எத்தனையாவது நாள்?

சென்னை தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ரிப்போர்ட்டை வாங்கியதும் அம்மாவோ அப்பாவோ கவுன்ட்டரிலேயே நின்று தாளில் விரலை ஓட்டித் தேடுவது ஒன்றைத்தான்: எந்த எண் தடித்த எழுத்தில் இருக்கிறது, எதன் பக்கத்தில் எச் (அதிகம்) என்றோ எல் (குறைவு) என்றோ விழுந்திருக்கிறது. பார்த்த உடனே கேள்வி வரும், “அக்கா, ரத்தத்துல கிருமி இருக்கா?” டாக்டர் வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும், குழந்தை தோளில் அனலாய்க் கிடக்கும், அதற்குள் போனில் தேடித் தேடி ரத்தப் புற்றுநோய் வரைக்கும் போய் அழுதுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை, நோய்க்குப் பெயர் வைப்பது என் வேலையும் இல்லை. ஆனால் அந்த எச், எல் எழுத்துகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல முடியும். ரத்தம் எடுத்த அன்று ஜுரம் எத்தனையாவது நாள் என்று மெஷினுக்குத் தெரியாது. வயதை நாங்கள் டைப் செய்திருந்தாலும், பல லேப்களில் பக்கத்தில் அச்சாகிற ‘நார்மல்’ அளவு பெரியவர்களுடையதுதான். ஆக, இரண்டு வயதுப் பிள்ளையின் ரத்தத்தை நாற்பது வயது ஆளோடு ஒப்பிட்டுவிட்டு ‘எச்’ போடுகிறது. பாதி பயம் அங்கேயே பிறக்கிறது.

தாளுக்கு முன்னால் பிள்ளை

இதைச் சொல்லாமல் எண்களுக்குள் போக எனக்கு மனசு வராது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். எந்த வயதானாலும் எழுப்பினால் எழவில்லை, பாலோ தண்ணீரோ இறங்கவில்லை, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வலிப்பு வந்தது, கை கால் சில்லிட்டிருக்கிறது, கழுத்தை வளைக்க முடியவில்லை, தோலில் சிவப்புப் புள்ளிகள் வந்து கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையவில்லை என்றால் உடனே கிளம்புங்கள்.

மூச்சை எண்ணுவதும் வீட்டிலேயே முடியும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குக் கீழே 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ ரிப்போர்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் மூச்சுதான் முக்கியம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியோ எது பக்கமோ அங்கே போங்கள். தாளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பேனா எடுங்கள்

பிள்ளை விழித்துப் பார்க்கிறது, கொஞ்சமாவது குடிக்கிறது, ஜுரம் இறங்கின நேரத்தில் விளையாடக்கூடச் செய்கிறது என்றால், சரி, இப்போது தாள். மேல் ஓரத்தில் நீங்களே மூன்று விவரம் எழுதுங்கள். ஒன்று, வயது, மாதக் கணக்கில். இரண்டு, ரத்தம் எடுத்தபோது ஜுரத்தின் எத்தனையாவது நாள். திங்கள் ராத்திரி ஆரம்பித்து புதன் காலையில் எடுத்திருந்தால் அது முழுசாக இரண்டு நாள்கூட ஆகாத ரத்தம், அதை அப்படியே எழுதுங்கள். மூன்று, ரத்தம் எடுப்பதற்கு முன்னால் கொடுத்த மருந்துகள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப், தெருமுனை கிளினிக்கில் போட்ட ஊசி, எல்லாம். அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்தால் வெள்ளை அணு அதனாலேயே ஏறும்.

இந்த மூன்றும் இல்லாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் கிடையாது. டாக்டரும் முதலில் இதைத்தான் கேட்பார், அப்போது அம்மா ஒரு நாளும் பாட்டி ஒரு நாளும் சொல்வார்கள்.

வெள்ளை அணு

ரத்த அணுக்களை எண்ணுகிற சி.பி.சி. என்ற பரிசோதனைத் தாளில் மேலே ஹீமோகுளோபின், அடுத்து மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை. 13,200 என்றும் இருக்கலாம், 13.2 என்றும் இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான், பின்னதை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000. பிறந்த ஓரிரு நாளில் குழந்தைக்கு 30,000 வரை போவது சாதாரணம். ஒரு மாதத்தில் 5,000 முதல் 19,500, ஒரு வயதில் 6,000 முதல் 17,500, நாலு வயதில் 5,500 முதல் 15,500 என்று மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வரும். ஆகவே ஒரு வயதுப் பிள்ளைக்கு 14,000 வந்து பக்கத்தில் எச் என்று இருந்தால் அந்த எழுத்தை அடித்துவிடலாம்.

இன்னொன்று. நாங்கள் ஊசி குத்தும்போது பிள்ளை கத்தி ஊரைக் கூட்டும் பாருங்கள், அந்த அழுகையிலேயே ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கிடந்த வெள்ளை அணுக்கள் கொஞ்சம் ஓட்டத்தில் கலந்து எண்ணிக்கை உயரும். தொற்று இல்லாமலே உயரும்.

மொத்த எண்ணிக்கையைவிட அதற்குக் கீழே சதவீதமாகப் பிரித்திருப்பதுதான் பேசும். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், இயோசினோஃபில், மோனோசைட் என்று வெள்ளை அணுவின் வகைகள் வரும். பெரியவர்களுக்கு நியூட்ரோஃபில் அதிகம். பிள்ளைகளுக்குப் பிறந்து ஒரு வாரத்துக்குள்ளேயே அது மாறி, நாலைந்து வயது வரை லிம்ஃபோசைட்தான் கூடுதலாக இருக்கும், அப்புறம் மறுபடி நியூட்ரோஃபில் மேலே வரும். ‘லிம்ஃபோசைட் 58 எச், நியூட்ரோஃபில் 34 எல்’ என்று இரண்டு வயதுப் பிள்ளையின் தாளில் பார்த்துப் பதறி வந்த அப்பா ஒருவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்தப் பிள்ளையின் மொத்தம் 13,200, மூக்கு ஒழுகல், இரண்டாம் நாள் ஜுரம். தாளில் மூன்று இடத்தில் எச்சரிக்கை எழுத்து, ஆனால் அந்த வயதுக்கு மூன்றுமே சாதாரணம்.

சதவீதத்தை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். மொத்தத்தை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் நியூட்ரோஃபிலின் நேரடி எண்ணிக்கை கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு 13,200 பெருக்கல் 34, வகுத்தல் 100: 4,488. கவலை இல்லாத எண். இது 10,000-ஐத் தாண்டினால், அதுவும் சின்னக் குழந்தைக்கு, பாக்டீரியா இருக்கிறதா என்று டாக்டர் கூர்ந்து தேடுவார். எதிர்ப்பக்கமும் உண்டு. 1,500-க்குக் கீழே போனால் குறைவு. வைரஸ் ஜுரத்தில் சில நாள் இப்படி இறங்கிவிட்டுத் தானே ஏறுவது வழக்கம்தான், மறு பரிசோதனை சொல்வார்கள். 500-க்குக் கீழே, கூடவே ஜுரம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

கடைசியில் ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தம்) என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை. மெஷின் எண்ணுகிறது, ஸ்மியரை மட்டும்தான் ஒரு மனிதர் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்து எழுதுகிறார். ‘லெஃப்ட் ஷிஃப்ட்’, ‘பேண்ட் செல்’, ‘டாக்ஸிக் கிரானுல்’ என்ற சொற்கள் இருந்தால் உடம்பு அவசரமாகப் பிஞ்சு நியூட்ரோஃபில்களைக்கூடச் சண்டைக்கு அனுப்புகிறது என்று பொருள், எண்ணிக்கை சாதாரணமாக இருந்தாலும் அதை டாக்டரிடம் காட்டுங்கள். ‘ரியாக்டிவ் லிம்ஃபோசைட்’ வைரஸ் ஜுரங்களில் சகஜம், டெங்குவிலும் வரும். போனில் தேடிப் பயப்படுகிறவர்களுக்காக இதையும் சொல்கிறேன்: ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலும் ஹீமோகுளோபினும், ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட்டும் சேர்ந்தே விழும், ஸ்மியரில் முதிராத அணுவைக் குறிக்கிற ‘பிளாஸ்ட்’ என்ற சொல் வரும். அந்தச் சொல் இருந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது இல்லாமல் வெறும் லிம்ஃபோசைட் கூடுதல் என்பதை வைத்து அங்கே போகாதீர்கள்.

சி.ஆர்.பி.: நேரம் பார்த்துப் படிக்க வேண்டிய எண்

உடம்பில் எங்கேயாவது அழற்சி இருந்தால் ஈரல் சுரக்கிற புரதம் இது. முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் என்று சில லேப், டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று சில லேப். பத்து மடங்கு வித்தியாசம். நேற்று ஒரு லேபில் 24, இன்று வேறு லேபில் 3.6 என்றால் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன், இரண்டாவது டெசிலிட்டர் கணக்கா என்று பாருங்கள். அப்படியானால் அது 36, ஏறியிருக்கிறது.

லிட்டர் கணக்கில் 5 அல்லது 6-க்குக் கீழே சாதாரணம் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். தொற்று தொடங்கி ஆறு மணி நேரத்துக்கு மேல்தான் இது ஏற ஆரம்பிக்கும், உச்சத்துக்குப் போக ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். ராத்திரி ஜுரம் வந்து விடிகாலையில் எடுத்த ரத்தத்தில் சி.ஆர்.பி. 4 என்று வந்தால் ‘கிருமி இல்லை’ என்று ஆகிவிடாது, இன்னும் ஏற நேரம் வரவில்லை என்றும் இருக்கலாம். பிள்ளை சோர்ந்தே இருந்தால் மறுநாள் திரும்ப எடுக்கச் சொல்வது இதனால்தான், லேப்காரர்கள் காசு பிடுங்க இல்லை. (காசு பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.)

20, 30 என்று வருவது வைரஸிலும் நடக்கும். 80, 100 என்று போனால் பாக்டீரியாவின் பக்கம் தராசு சாயும், ஆனால் அடினோ வைரஸ் போன்ற சில வைரஸ்கள் அந்த உயரத்துக்கும் கொண்டுபோய்விடும். ஒரே ஒரு சி.ஆர்.பி.யை வைத்து ஆன்டிபயாடிக் வேண்டும், வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யக் கூடாது. இரண்டு சி.ஆர்.பி. எந்தத் திசையில் போகிறது என்பது நல்ல தகவல். காரணம் அடங்கிவிட்டால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய பாதியாகும்.

அழற்சியைக் காட்டுகிற இன்னொரு எண்ணான இ.எஸ்.ஆர். மெதுவான ஆள், ரத்தசோகை இருந்தாலே ஏறும், முதல் மூன்று நாள் ஜுரத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. புரோகால்சிடோனின் விலை கூடின பரிசோதனை, சி.ஆர்.பி.யைவிடச் சீக்கிரம் ஏறும், 0.5-க்குக் கீழே (மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்) என்றால் தீவிர பாக்டீரியா தொற்றுக்கு வாய்ப்புக் குறைவு. பிறந்து இரண்டு நாளுக்குள் இருக்கிற சிசுவுக்கு அது இயல்பாகவே ஏறியிருக்கும், அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது.

பிளேட்லெட், டெங்கு

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் லேபில் வேறு பேச்சே கிடையாது. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கே மழைத்தண்ணீர் தேங்கினாலும் பத்து நாளில் வரிசை நீளும். சாதாரண பிளேட்லெட் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். 240 என்று அச்சாகியிருந்தால் அது ஆயிரக் கணக்கு, 2.4 லட்சம்.

குறைவாக வந்தால் முதல் சந்தேகம் எங்கள் மேலேயே வர வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு இடத்தில், துள்ளிக் கத்துகிற ஒரு மூன்று வயதுப் பெண்ணுக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தி, சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தேன். ஊதா மூடி டியூபைச் சரியாகக் கலக்கவும் இல்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கட்டி, அதாவது கிளம்ப். மெஷின் 48,000 என்றது, ரிப்போர்ட் அப்படியே போய்விட்டது. அவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்து ஓடினார்கள். அங்கே திரும்ப எடுத்தபோது 2.4 லட்சம். அந்த அம்மாவின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் பிள்ளை நன்றாக இருந்து பிளேட்லெட் மட்டும் திடீரென்று பாதாளத்தில் இருந்தால், “ஸ்மியரில் பார்த்தீர்களா, கிளம்ப் இருக்கிறதா?” என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உண்மையிலேயே டெங்கு என்றால் பிளேட்லெட்டைவிட நீங்கள் கவனிக்க வேண்டிய எண் பி.சி.வி., ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பது. அதை ஹெமட்டோக்ரிட் என்றும் போட்டிருப்பார்கள். டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியும், மிச்ச ரத்தம் கெட்டியாகும், பி.சி.வி. ஏறும். ஒரு நாலு வயதுப் பையனுக்கு இரண்டாம் நாள் 35, ஐந்தாம் நாள் 42 என்றால் இருபது சதவீத ஏற்றம், கசிவு நடக்கிறது. அந்தத் தாளில் வெள்ளை அணு 2,900, பிளேட்லெட் 92,000 என்றும் இருக்கும். எல்லோர் கண்ணும் 92,000 மேலேயே நிற்கும், ஆபத்து 42-இல் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் விட்டதும் ‘அப்பாடா’ என்று பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகிற நேரம்தான் டெங்குவில் கெட்ட நேரம். ஜுரம் விட்டபின் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சுருண்டு படுப்பது என்று எது வந்தாலும் உடனே ஓட வேண்டும்.

டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்.எஸ்.1 பரிசோதனை முதல் நாளிலிருந்து சுமார் ஐந்தாம் நாள் வரைக்கும்தான் நன்றாகக் காட்டும். அதற்கு எதிராக உடம்பு செய்கிற ஆன்டிபாடியைத் தேடுகிற ஐ.ஜி.எம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு. ஏழாம் நாளில் என்.எஸ்.1 எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியடைவதும், இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியடைவதும் ஒரே தப்புதான். மேலே பேனாவால் எழுதச் சொன்னேனே, அந்த நாள் எண் இங்கே கைகொடுக்கும்.

டெங்கு சந்தேகம் இருக்கிற வரை பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபென், மெஃபினமிக் ஆசிட் சேர்ந்த சிரப்புகள் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், பாட்டில் மேலே படித்துப் பாருங்கள். பப்பாளி இலைச் சாற்றைப் பிள்ளையின் வாயில் ஊற்றி, அது குடித்த கஞ்சியையும் சேர்த்து வாந்தி எடுக்க வைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் வாக்கில் பிளேட்லெட் தானாக ஏறும். அதுவரை உடம்பில் நீர் நிற்க வேண்டும், அதுதான் காரியம்.

வைடால் என்கிற தலைவலி

குழாயில் சாக்கடை கலந்து வருகிறது, லாரித் தண்ணீர், கேன் தண்ணீர் என்று நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரியும். டைபாய்டு பயம் நியாயமானது. ஆனால் ஜுரத்தின் இரண்டாம் நாளில் டைபாய்டுக்கான வைடால் பரிசோதனை எடுத்து, ‘1:80’ என்று வந்ததைப் பார்த்துவிட்டு, “டைபாய்டு பாசிட்டிவ்” என்று இட்லியை நிறுத்தி ரொட்டி கொடுக்க ஆரம்பிக்கிற வழக்கம் இருக்கிறதே, அது சரியில்லை. வைடால் தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு செய்கிற ஆன்டிபாடியை. அது உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டைபாய்டு பரவலாக இருக்கிற ஊரில் பழைய தொற்றினாலோ, தடுப்பூசியாலோ, வேறு ஜுரத்தாலோகூட 1:80 மாதிரி குறைந்த அளவு ஆரோக்கியமானவர்களுக்கே வரும். முதல் வாரத்தில் டைபாய்டைப் பிடிக்க நல்ல வழி, ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற பிளட் கல்ச்சர். டைபாய்டில் வெள்ளை அணு ஏறாமல் சாதாரணமாகவோ குறைந்தோ இருப்பதும், இயோசினோஃபில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போவதும் வழக்கம், அதனால் ‘கவுன்ட் நார்மல், கிருமி இல்லை’ என்பதும் இங்கே எடுபடாது.

மலேரியாவை நம் ஊரில் மறந்துவிடக் கூடாது. சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை, அதைப் பரப்புகிற கொசு நம் மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் இருக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நடுக்கத்தோடு விட்டு விட்டு ஜுரம், பிளேட்லெட் குறைவு என்றால் ரத்தத் துளிப் பரிசோதனை கேளுங்கள். மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்வார்கள். ஒரு முறை நெகட்டிவ் என்றாலும் ஜுரம் தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஐந்து நாள் தாண்டியும் ஜுரம், ஊருக்குப் போய் வயல், புதர்ப் பக்கம் விளையாடியது என்றால் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பு வடு இருக்கிறதா என்று தேடுங்கள். அது சிற்றுண்ணி கடித்து வருகிற ஸ்க்ரப் டைஃபஸ் ஜுரமாக இருக்கலாம், எங்கள் தாளைவிட அந்த வடு சீக்கிரம் சொல்லிவிடும்.

கல்ச்சர், சிறுநீர்

பிளட் கல்ச்சரை ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும். இரண்டு வேளை சிரப் குடித்துவிட்டு வந்தால் கிருமி உள்ளே இருந்தும் ‘நோ குரோத்’ என்று வரலாம். முதல் தகவல் 48 மணி நேரத்தில், முழு முடிவுக்கு ஐந்து நாள் என்பது பொதுவான கணக்கு. தோலில் சாதாரணமாக இருக்கிற ஸ்டஃபிலோகாக்கஸ் வகை ஒன்று சில சமயம் ஊசியோடு உள்ளே போய் வளர்ந்துவிடும், ‘கன்டாமினென்ட்’ என்று எழுதுவார்கள். அது பெரும்பாலும் நோய் இல்லை, எடுத்தபோது தோலைச் சரியாகத் துடைக்காத எங்கள் குறை.

சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, ஆனால் மூன்று நாளாக ஜுரம் என்று ஒரு பத்து மாதக் குழந்தை. வெள்ளை அணு 22,400, நியூட்ரோஃபில் 76, கணக்குப் போட்டால் 17,024. சி.ஆர்.பி. 96. ரத்தத்தில் என்ன கிருமி என்று கேட்டபடி நிற்பார்கள். பதில் பல சமயம் சிறுநீரில் இருக்கும். பேசத் தெரியாத வயதில் சிறுநீர்த் தொற்றுக்குப் பல சமயம் ஜுரம் ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். நாப்கினைப் பிழிந்து கொண்டுவராதீர்கள், சிரிக்காதீர்கள், கொண்டுவந்திருக்கிறார்கள். கழுவித் துடைத்து, நடுவில் வருகிற சிறுநீரைப் பிடித்து, சீக்கிரம் கொடுக்க வேண்டும், கல்ச்சருக்கு என்றால் டாக்டரே டியூப் வைத்து எடுப்பதும் உண்டு.

டாக்டரிடம் போகும்போது

எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள், கசங்கின பழைய ரிப்போர்ட் உட்பட. போனில் போட்டோ மட்டும் காட்டினால் அலகு இருக்கிற ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். தினமும் பிளேட்லெட், பி.சி.வி. பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரே லேபில் எடுங்கள், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். கேட்க வேண்டியது: எந்தத் தொற்றைச் சந்தேகிக்கிறீர்கள், இந்த எண் பிள்ளையின் வயதுக்கு எப்படி, மறுபடி எப்போது எடுக்க வேண்டும், எதைப் பார்த்தால் ராத்திரியிலேயே கொண்டுவர வேண்டும். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜுரம் விட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் ஆறு லட்சம் என்று எச் போட்டு வரும், அது தொற்று முடிந்து உடம்பு கொஞ்சம் கூடுதலாகத் தயாரித்ததுதான், பெரும்பாலும் தானே இறங்கும், இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படி வரும். இயோசினோஃபில் ஏறியிருந்தால் வயிற்றுப் பூச்சியோ அலர்ஜியோ என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அதை ஜுரத்தோடு மறந்துவிடாதீர்கள், ஜுர நேரத்தில் அது கொஞ்சம் இறங்கியும் காட்டும் என்பதால் ஒரு மாதம் கழித்து, பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடுகிற ஒரு நாளாகப் பார்த்து, மறுபடி எங்களிடம் கூட்டிவாருங்கள். அன்றைக்கும் அழும், பரவாயில்லை.